வேலை வாங்குதல்

நம் நண்பர் ஒருவர் துணி வணிகர். காவிரிக் கரை ஊர் ஒன்றில் மூன்று தலைமுறையாகக் கடை நடத்தி வரும் குடும்பம் அவருடையது. பெயரை இங்கே எழுதுவது முறையன்று. பதினான்கு பேர் அவரிடம் வேலை பார்க்கிறார்கள். கொடுக்கல் வாங்கலில் நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். சம்பளத்தை ஒருநாள் தள்ளிக் கொடுத்தார் என்று அவரைப் பற்றி எவரும் சொல்ல நாம் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில் வாடிய முகத்தோடு நம்மைத் தேடி வந்தார்.

பெருநாள் விற்பனைக்கென்று சூரத்துக்குச் சென்று ஒரு வகைப் புடவையைப் பெருமளவில் வாங்கி வந்திருக்கிறார். அது விலைபோகவில்லை. வணிகத்தில் இது புதுமையன்று. அவருடைய தந்தையாரும் பாட்டனாரும் இத்தகைய நட்டங்களைக் கண்டவர்களே. அவரை வாட்டியது வேறொரு செய்தி. பத்தொன்பது ஆண்டுகளாக அவரிடம் வேலை பார்த்து வரும் விற்பனையாளர் ஒருவர், கட்டுகளைப் பிரித்த அன்றே எதிரிலிருக்கும் தேநீர்க் கடையில் அமர்ந்து, "இது போகாது. சென்ற ஆண்டு வந்த நாலைந்து புடவைகளையே பெண்கள் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். துணி உடம்பில் நிற்காது" என்று பேசியிருக்கிறார். முதலாளி சரக்கெடுக்கப் புறப்படும் முன்பே அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பத்தொன்பது வருடம் என் உப்பைத் தின்றவன். அவன் தங்கை கல்யாணத்துக்கு நான் செய்யாததா? இவர்களை மனம் வைத்து வேலை செய்ய வைப்பது எப்படி? நீங்கள் நாலும் படித்தவர். அதற்கு ஏதாவது நூல் இருந்தால் சொல்லுங்கள்" என்றார் நண்பர்.

நூல்கள் உண்டு, ஏராளமாக உண்டு. ஊழியரை ஊக்குவித்து நிறுவனத்தின் குறிக்கோளை நோக்கிச் செலுத்துவது இன்று தனியொரு கல்வித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. நண்பரும் அதை அறியாதவரல்லர். ஓராண்டுக்கு முன் பெரிய விடுதி ஒன்றில் நடந்த ஒருநாள் பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் செலுத்திப் போய் வந்தவர் அவர். ஒவ்வொருவருக்கும் மாத இலக்கு வையுங்கள், எட்டியவருக்குப் பரிசு கொடுங்கள், பெயரைப் பலகையில் எழுதுங்கள் என்று அங்கே சொன்னார்கள். அவரும் செய்தார். இரண்டு மாதங்கள் விற்பனை உயர்ந்தது. மூன்றாம் மாதம் வேண்டாத துணியை வாடிக்கையாளர் தலையில் கட்டிய கதைகள் வெளிவரத் தொடங்கின. மாற்றிக் கொடுக்கச் சொல்லி வந்தவர்களோடு வாக்குவாதம் நடந்தது. பலகையைக் கழற்றிவிட்டார்.

ஆகவே நண்பர் நம்மிடம் கேட்டது வழிமுறையைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும், அதன் அடியில் அறம் பற்றிய கேள்வி ஒன்று கிடக்கிறது. பிறருடைய உழைப்பைக் கூலி கொடுத்துப் பெறுகிறோம். அவருடைய மனத்தையும் பெற நமக்கு உரிமை உண்டா? உண்டென்றால் அதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை என்ன?

தமிழில் 'வேலை வாங்குதல்' என்றொரு வழக்கு இருக்கிறது. "ஆளை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவர்" என்று ஒருவரைப் பாராட்டுகிறோம். அதே வாயால் "சம்பளம் வாங்குகிறான்" என்றும் சொல்கிறோம். ஒருவர் வேலை வாங்குகிறார். மற்றவர் சம்பளம் வாங்குகிறார். இரு பக்கமும் வாங்குதலாகவே இருப்பதைக் கவனித்தால் இந்த ஒப்பந்தத்தின் எல்லையும் விளங்கும். நேரம், உடலுழைப்பு, கைத்திறன், நாணயம் ஆகியவை இந்தப் பேரத்துக்குள் வருகின்றன. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பதைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கடமையை நண்பர் குறையின்றிச் செய்து வருகிறார். ஆனால் "முதலாளி, இந்தச் சரக்கு வேண்டாம்" என்று சொல்வதற்கு அவர் எந்த மாதமும் கூலி கொடுத்ததில்லை, கொடுக்கவும் முடியாது. அது பேரத்துக்கு வெளியே நிற்கும் பொருள்.

மனிதன் எதனால் முயற்சி செய்கிறான், எதனால் கைவிடுகிறான் என்ற கேள்வியைப் பழைய நாளிலேயே ஆழ்ந்து நோக்கியவர் இப்னு கல்தூன். 1332இல் துனிஸ் நகரில் பிறந்து, பல அரசவைகளில் பணிபுரிந்து, சிறைவாசமும் கண்ட அந்த அறிஞர், 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் அநீதி எவ்வாறு நாட்டைப் பாழாக்குகிறது என்பதற்குத் தனிப்பகுதி ஒதுக்கியிருக்கிறார். தம் உழைப்பின் பயன் தமக்கு வந்து சேராது என்று மக்கள் கண்டுகொண்டால் முயற்சியில் நாட்டம் குன்றுகிறது. நாட்டம் குன்றினால் கை ஓய்கிறது. கை ஓய்ந்தால் சந்தை வெறிச்சோடுகிறது என்பது அவர் காட்டும் தொடர்பு. கூலியின்றிக் கட்டாய வேலை வாங்குவதை அநீதிகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அவர் வைக்கிறார். நமக்கு இதில் வியப்பாகத் தோன்றுவது, சோர்ந்த கையைக் கண்டு அவர் குடிமகனின் சோம்பலைப் பழிக்கவில்லை என்பதுதான். கை ஓய்ந்திருந்தால், ஓயச் செய்தது எது என்று மேலே நோக்கிக் கேட்கிறார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எழுந்த மேலாண்மைச் சிந்தனை வேறு திசையில் நோக்கியது. பிரெடரிக் டெய்லர் என்ற பொறியாளரின் பெயர் இத்துறையில் முதலில் சொல்லப்படும் பெயர்களுள் ஒன்று. 1899ஆம் ஆண்டில் பெத்லகேம் எஃகு ஆலையில் தாம் நடத்திய சோதனையை 1911இல் வெளியான தம் நூலில் அவர் விவரிக்கிறார். ஏறத்தாழ 42 கிலோ எடையுள்ள இரும்புப் பாளங்களைத் தூக்கிச் சரக்கு வண்டியில் ஏற்றும் வேலை. ஓர் ஆள் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றி வந்தார். டெய்லர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, எப்போது தூக்க வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்று ஒவ்வொரு அசைவையும் வகுத்துக் கொடுத்து, நாற்பத்தேழரை டன் ஏற்ற வைத்ததாக எழுதுகிறார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலியோ இரு மடங்குகூட இல்லை. எழு என்றால் எழ வேண்டும், உட்கார் என்றால் உட்கார வேண்டும், எதிர்வார்த்தை கூடாது என்பது அந்தத் தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட ஒழுங்கு. இவ்வேலைக்குத் தகுந்தவன் அறிவில் எருதை ஒத்தவனாக இருப்பான் என்றும் டெய்லர் கூசாமல் எழுதிவைத்தார். அவர் சொன்ன கதையில் பல விவரங்கள் மெருகேற்றப்பட்டவை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்; அது ஒருபுறம் இருக்கட்டும்.

அந்நூலில் டெய்லர் போகிற போக்கில் சொல்லிச் செல்லும் ஒரு செய்தி நம்மை நிறுத்தியது. அத்தொழிலாளி நாள் முழுதும் இரும்பு சுமந்த பிறகு ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலிருந்த வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்புவாராம். சிறு மனை ஒன்று வாங்கி, காலையில் வேலைக்குப் புறப்படும் முன்னும் மாலையில் திரும்பிய பின்னும் தம் கையாலேயே அதில் வீடு கட்டிக்கொண்டிருந்தாராம். எருதுக்கு மனைக்கணக்கு தெரியுமா? சுவர் எங்கே எழ வேண்டும், வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தவர் அவரே. அங்கே அவரைத் தூண்ட எவரும் நிற்கவில்லை. கைக்கடிகாரத்தோடு எவரும் அருகில் இருக்கவில்லை. அந்த ஊக்கம் ஆலை வாசலில் நின்றுவிட்டது ஏன் என்று டெய்லர் கேட்டிருக்கலாம். ஆலையில் அவர் தோள் மட்டுமே வேண்டப்பட்டது, தோள் மட்டுமே வந்தது.

தோளை மட்டும் கேட்பவரிடம் ஒரு நேர்மையாவது உண்டு. மனத்தையும் கேட்டுவிட்டு, அது வாய் திறந்தால் ஒறுப்பதுதான் கொடுமை. இதற்கு அண்மைக்காலச் சான்று அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் எட்டுக் கணக்குகளோ சேவைகளோ விற்றுவிட வேண்டும் என்பது அவ்வங்கி தன் ஊழியர் முன் வைத்த குறிக்கோள். கிளைதோறும் அன்றாடம் கணக்குக் கேட்டார்கள். எட்ட முடியாத ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர்கள் பெயரில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஐந்தாண்டுக் காலத்தில் இதன்பொருட்டு ஏறத்தாழ 5,300 பேரை வேலையிலிருந்து நீக்கியிருந்ததாக வங்கியே ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு நடந்த மறுஆய்வில் இத்தகைய கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கக்கூடும் என்று தெரிய வந்தது. 2020இல் மேலும் 300 கோடி டாலர் செலுத்தி வழக்குகளைத் தீர்த்துக்கொண்டார்கள்.

கள்ளக் கணக்கு திறந்தவர்களைக் குறை சொல்வது எளிது. குறை அவர்களிடமும் உண்டு. ஆனால் இது நடக்கிறது என்று உள்ளேயிருந்தே மேலிடத்துக்குத் தெரிவித்தவர்களும் இருந்தார்கள். முறைகேட்டைத் தெரிவிப்பதற்கென்று வங்கி வைத்திருந்த தொலைபேசி எண்ணை நம்பிப் பேசிய பின் வேலை இழந்ததாகப் பலர் முறையிட்டனர். அவ்வாறு தெரிவித்து நீக்கப்பட்ட ஊழியர் ஒருவரை மீண்டும் பணியில் சேர்க்குமாறு 2017இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை உத்தரவிட்டது. எட்டுக்கணக்கு இலக்கு நடவாதது என்பது கீழே இருந்தவர்களுக்குத் தெரியும். நம் நண்பரின் விற்பனையாளருக்குச் சூரத்துப் புடவை போகாது என்று தெரிந்திருந்ததைப் போல.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் அதே நாட்டில் நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் பிரீமாண்ட் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் ஆலை ஒன்று இருந்தது. அந்நிறுவனத்தின் ஆலைகளிலேயே கெட்ட பெயர் வாங்கியது அதுதான் என்பார்கள். எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வருவதில்லை. தொழிற்சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஓயாத சண்டை. வண்டிகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். எந்தக் காரணத்துக்காகவும் அந்த ஓட்டத்தை நிறுத்தக் கூடாது. ஒரு வண்டியில் உறுப்புத் தவறிப் பூட்டப்பட்டிருப்பதைக் கண்ணால் கண்ட தொழிலாளியும் அதை அப்படியே போகவிட வேண்டியதுதான். கடைசியில் 1982இல் ஆலையை மூடினார்கள்.

ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 1984இல் அதே ஆலையைத் திறந்தது. புதிதாக எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே முன்பு வேலை பார்த்த அதே தொழிலாளர். சங்கமும் அதே சங்கம். அவர்களில் பல நூறு பேரைச் சிறு குழுக்களாக ஜப்பானுக்கு அனுப்பி வேலைமுறையைக் காட்டினார்கள். திரும்பி வந்தபோது ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு இருந்தது. பிழை ஒன்றைக் கண்டால் இழுக்கலாம். குழுத்தலைவர் ஓடி வருவார். ஏன் இழுத்தாய் என்று அதட்ட மாட்டார், என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார். உடனே தீராவிட்டால் ஓட்டம் நிற்கும். வராதோர் தொகை நூற்றுக்கு இருபதிலிருந்து இரண்டு மூன்றாகக் குறைந்தது. அங்கே செய்த கார்கள் தரத்தில் அந்நிறுவனத்தின் மற்ற ஆலைகளை விஞ்சின.

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கயிற்றோடு நிறுத்திவிடுவார்கள். கயிற்றை இழுத்தவனை அடுத்த மாதம் வேலையிலிருந்து நீக்கலாம் என்றிருந்தால் யார் இழுப்பார்? தொழிலாளருக்கு வேலை உறுதியும் அளிக்கப்பட்டிருந்தது. 1988ஐ ஒட்டி விற்பனை பெரிதும் படுத்தபோதும் எவரையும் வீட்டுக்கு அனுப்பாமல், வேலையற்ற நேரத்தைப் பயிற்சிக்கும் செப்பனிடலுக்கும் செலவிட்டார்கள். சொன்ன சொல் நிற்கிறது என்று கண்ட பிறகுதான் கயிறு கயிறாயிற்று. இதையும் மிகைப்படுத்த வேண்டாம். அந்த முறையில் மூச்சு வாங்கவும் இடைவெளி இல்லை என்று சங்கத்துக்குள்ளேயே கடிந்து எழுதியவர்கள் உண்டு. 2010 ஏப்ரலில் அந்தக் கூட்டு ஆலை மூடப்பட்டது. அந்த முடிவை நிறுத்துவதற்கு இழுக்கக் கயிறு எதுவும் அங்கே தொங்கவில்லை.

இவ்வளவையும் கேட்ட நண்பர், "பதினாலு பேர் வேலை பார்க்கும் துணிக்கடைக்குக் கார்த் தொழிற்சாலைக் கதையா? இங்கே எல்லாரும் என் பிள்ளைகள் மாதிரி. என்னிடம் சொல்ல அவர்களுக்கு என்ன தடை?" என்றார்.

அந்த 'மாதிரி'யில்தான் தடை இருக்கிறது என்று நமக்குத் தோன்றியது. நம் சமுதாய வணிகத்தின் வழக்கத்தை நாம் அறிவோம். ஊர்ப்பிள்ளைகளையும் உறவினர் வீட்டுப் பிள்ளைகளையும் பதினைந்து பதினாறு வயதில் அழைத்து வந்து கடையில் விடுவார்கள். சாப்பாடு முதலாளி வீட்டில். படுக்கை கடை மாடியில். சம்பளம் இவ்வளவு என்று பேசியதும் இராது. கணக்கு முதலாளியிடமே இருக்கும். ஊருக்குப் போகும்போதோ தங்கை திருமணத்தின்போதோ மொத்தமாகக் கிடைக்கும். இந்த ஏற்பாட்டில் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. அங்கே தொழில் கற்றவர்கள் தனிக்கடை வைத்து முதலாளிகளும் ஆனார்கள். அதை நாம் இகழ மாட்டோம். ஆனால் தந்தையிடம் பிள்ளைக்குள்ள உரிமை ஒன்று இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. சொந்த மகன் தந்தையிடம் சண்டை போட்டுவிட்டு இரவு அதே வீட்டில் சாப்பிடலாம். கடைப்பிள்ளை அப்படிச் செய்ய முடியுமா? கூலியாளாக இருந்தால் கணக்கைக் காட்டிப் பேசலாம். பிள்ளை என்று ஆக்கிவிட்ட பிறகு, குறை சொன்னால் நன்றி கெட்டவன் என்ற பழி வந்து சேர்கிறது. தங்கை திருமணத்துக்கு உதவியதை நண்பர் நம்மிடம் எடுத்துச் சொன்னாரல்லவா? அந்த உதவி உண்மையான அன்பில் பிறந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக அது அந்த விற்பனையாளரின் நாவின் மீது கனத்துக் கிடந்திருக்கும் என்பதிலும் ஐயமில்லை.

அன்பின் பெயரால் ஊழியரின் வாழ்வுக்குள் நுழைவது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 1914 ஜனவரியில் ஹென்றி போர்டு நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி அறிவித்து உலகை வியக்க வைத்தார். முந்திய ஆண்டில் ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் நிறுத்தி வைக்க 52,000 பேருக்கு மேல் புதிதாக எடுக்க வேண்டியிருந்ததாம். அத்தனை பேர் விட்டுவிட்டு ஓடினார்கள். ஐந்து டாலரில் ஒரு பகுதி ஒழுங்காக வாழ்வோருக்கு மட்டும் என்பதால், வீடு சுத்தமாக இருக்கிறதா, குடிக்கிறாரா, பணம் சேமிக்கிறாரா என்று பார்க்க வீடுவீடாக ஆட்களை அனுப்பினார்கள். கூலி நல்ல கூலிதான். வாசற்படியில் வந்து நின்றவரிடம் எந்தத் தொழிலாளி தன் ஆலையின் குறையைச் சொல்லியிருப்பான்?

நண்பரிடம் நாம் ஒன்று கேட்டோம்: "அந்த மனிதர் இதற்கு முன் எப்போதாவது உங்களிடம் ஏதேனும் சொன்னதுண்டா?"

நெடுநேரம் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். அந்தப் பையன் வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். பெருநாள் கூட்டம். வேட்டிகளை முன்வரிசையில் அடுக்குவதற்குப் பதிலாகச் சிறுவர் உடைகளை அங்கே வைக்கலாம் என்று, வாடிக்கையாளர் சிலர் நிற்கும்போதே சொல்லிவிட்டானாம். "கல்லாவில் உட்கார்ந்திருப்பது நீயா, நானா?" என்று கேட்டாராம் இவர். எல்லாரும் சிரித்தார்களாம். அவனும் சிரித்தானாம். "விளையாட்டுக்குச் சொன்னது" என்றார் நண்பர். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்புத்தான். எல்லாரும் ஆலோசனை சொல்லத் தொடங்கினால் வணிகம் நடக்குமா? பொறுப்பும் நட்டமும் முதலாளியுடையவை. தீர்ப்பும் அவருடையதாகவே இருக்க வேண்டும். வேலையில் ஏமாற்றுகிறவர், கல்லாவில் கைவைக்கிறவர் இல்லாத உலகமும் இல்லை. இவற்றையெல்லாம் நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் கேட்பது வேறு, கேட்டபடியே நடப்பது வேறு. நண்பர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் பல்லாண்டு இருப்பவர். பள்ளிக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுவதென்றாலும் மசூரா செய்யாமல் முடிவெடுக்க மாட்டார், மூலையில் அமர்ந்திருக்கும் முதியவரையும் "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டே எழுவார். சில லட்ச ரூபாய்ச் சரக்கை எடுக்கும்போது, அந்தத் துணியைத் தினமும் விரித்துக் காட்டி, பெண்களின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் கேட்கத் தோன்றவில்லை. தொட்டியைவிடச் சரக்கு சிறிய காரியமா? இல்லை. பள்ளிவாசலில் எல்லாரும் தம்மைப் போன்றவர்கள் என்பதை அவர் மறப்பதில்லை. கடைக்குள் நுழைந்ததும் மறந்துவிடுகிறார். இதை அவரிடமே சொன்னோம். கோபித்துக்கொள்ளவில்லை என்பது அவருடைய பெருந்தன்மை.

கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள் என்றும் நாம் கருதவில்லை. பதினைந்து ஆண்டு மூடிய வாய் ஒரு நாளில் திறக்காது. முதலில் கூலியைப் பேசி எழுதிக் கொடுக்க வேண்டும். அது அன்புக்குக் குறைவு என்று நினைக்கக் கூடாது. பிறகு, ஒருவர் சொன்னது தவறாகவே போனாலும் அதைக் கல்லாவிலிருந்து சிரித்துக் காட்டாதிருக்க வேண்டும். இரண்டாவது முதலாவதைவிடக் கடினம். பணம் செலவாவதை வணிகர் தாங்குவார், தாம் எப்போதும் சரியாக இருப்பவர் என்ற எண்ணம் செலவாவதைத் தாங்குவது அரிது.

சட்டம் சிலவற்றைச் செய்ய முடியும். நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்கள் கேரளத்தில் போராடியதன் பின் அங்கே 2018இல் கடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தமிழ்நாட்டிலும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கு 2021இல் திருத்தம் கொண்டு வந்து, ஊழியர் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். நின்று நின்று கால் நரம்பு புடைத்தவர்கள் எந்த ஊர்க் கடைவீதியிலும் இருக்கிறார்கள். உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. உட்கார்ந்தால் சோம்பேறி என்று முதலாளி நினைப்பார் என்ற ஒன்றே போதுமானதாக இருந்தது.

சில வாரங்களுக்குப் பிறகு நண்பரின் கடைக்குச் சென்றிருந்தோம். அந்த விற்பனையாளர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். நமக்கு சலாம் சொல்லி, தேநீர் வரவழைத்தார். விலைபோகாத புடவைகள் பாதி விலைக்குத் தனியே அடுக்கப்பட்டிருந்தன. பிற்பகல் நேரம், வாடிக்கையாளர் எவருமில்லை. சட்டம் வந்ததை ஒட்டி வாங்கிய ஆறு முக்காலிகள் சுவரோரம் இருந்தன. ஒன்றின் மேல் துணிக்கட்டு ஒன்று கிடந்தது. ஊழியர் அனைவரும் அலமாரிகளில் சாய்ந்தபடி நின்றுகொண்டிருந்தார்கள்.

நாம் முக்காலிகளைப் பார்ப்பதை நண்பர் கவனித்துவிட்டார்.

"உட்காரச் சொல்லியிருக்கிறேனே" என்றார்.